கிபிர் ஓட்ட ஆசைப்படுற பெடியனுக்கு என்ன சொல்றது?

அக்காவின்ர மகனுக்கு இப்ப 15 வயசு. கிளிநொச்சியில படிக்கிறான். போன பொங்கலுக்கு வீட்ட போயிருந்தன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க திடீரெண்டு கேட்டான்: "சித்தி, எயார்ஃபோர்ஸ் பைலற்றா வரோணுமெண்டா இப்பவே என்னென்ன செய்யோணும்?"

அம்மா கையில இருந்த கறிச்சட்டியை வைச்சிட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. அக்கா "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றா. அத்தான் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நானும் ஒன்றும் சொல்லேல்ல. இந்தக் கட்டுரையை எழுதுறதுக்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

அம்மாவின்ர தலைமுறை விமானங்களைச் சத்தத்தால படிச்சது. சியாமாசெட்டி, பொம்மர், சகடை, ஹெலி, கடைசிக் காலத்தில வண்டு. எங்களுக்குப் பறவைகளின்ர பெயர் தெரிஞ்ச மாதிரி அவைக்கு இது தெரியும். கிபிர் 1996இல் இஸ்ரேலிலிருந்து வாங்கி வந்தது. அதுக்குப் பிறகு பங்கருக்கு ஓடக்கூட நேரம் கிடைக்காது எண்டு அம்மா ஒருக்காச் சொல்லியிருக்கிறா. அதுக்கு மேல சொன்னதில்லை. 1995 ஜூலை 9ஆம் தேதி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில தஞ்சம் அடைஞ்சிருந்த சனத்தில 100 பேருக்கு மேல குண்டுவீச்சில செத்தவை. அதே வருசம் செப்ரெம்பர் 22, நாகர்கோவில் பள்ளிக்கூடம். 2006 ஓகஸ்ட் 14, வள்ளிபுனத்தில செஞ்சோலை வளாகம். செஞ்சோலையில செத்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மருமகனின்ர வயசுதான்.

அவன் 2009க்குப் பிறகு பிறந்தவன். கிபிர்ச் சத்தம் அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சது இரணைமடுப் பக்கத்தால எழும்புற ஹெலியும், வெள்ளம் வரேக்க கூரையில நிண்ட ஆக்களைக் கயிறு போட்டுத் தூக்குற காட்சியும், யூரியூப்பில பார்க்கிற கொக்பிற் வீடியோக்களும்தான். அவன்ர ஆசையில வன்மம் ஏதும் இல்லை. பறக்க விருப்பம், அவ்வளவுதான். தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியில வணிக விமானி அனுமதிப்பத்திரம் எடுக்க மில்லியன் கணக்கில காசு வேணும். அத்தான் மேசன் வேலைக்குப் போறவர். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பறக்கிறதுக்கு இந்த நாட்டில திறந்திருக்கிற ஒரே பெரிய கதவு விமானப்படை. இதை நாங்கள் பேசாமல் "வாயை மூடு" எண்டு சொல்றது நியாயமில்லை.

ஆகவே முதல்ல அவன் கேட்டதுக்கு நேரான பதில்.

முதல் வேலை கண். தூரப் பார்வையும் நிறம் பிரிச்சறியிறதும் சரியில்லையெண்டா மிச்சத்தைப் பற்றிக் கதைச்சுப் பிரயோசனமில்லை. நிறக்குருடு இருக்கிற பெடியள் கனபேருக்கு அது இருக்கிறதே தெரியாது. புள்ளிப் புள்ளியாய் வட்டத்துக்குள்ள இலக்கம் மறைச்சு வைச்ச இஷிஹாரா அட்டைகளைக் காட்டிச் சோதிப்பினம். அதை 19 வயசில நேர்முகத்தில கண்டுபிடிச்சு அழுறதை விட, 15இல் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில கண்டுபிடிக்கிறது நல்லது.

பிறகு கணக்கு. "எனக்குக் கணக்குப் பிடிக்காது, ஆனா பிளேன் பிடிக்கும்" எண்டு சொல்ற ஆக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நீ 100 நொட் வேகத்தில நேர வடக்கே போறாய். மேற்கிலிருந்து 20 நொட் காற்று அடிக்குது. மூக்கை வடக்கே வைச்சிருந்தாலும் நீ போறது வடக்கில்லை. கிட்டத்தட்ட 11 பாகை கிழக்கால தள்ளுப்பட்டுக்கொண்டிருப்பாய். விமானிகள் மனக்கணக்காய் வைச்சிருக்கிற ஒரு விதி இருக்குது: 1 பாகை பிழைச்சால் 60 மைலில ஒரு மைல் விலகியிருப்பாய். அப்ப 11 பாகைக்கு 11 மைல். ரியூசனில காவிகள் படிப்பிக்கேக்க "இது எதுக்கு சேர்" எண்டு கேட்டமே, இதுக்குத்தான். உயர்தரத்தில கணிதப் பிரிவு எடுத்தால் கதவு அகலத் திறக்கும். அந்த முடிவை ஓஎல் முடிஞ்ச கையோட எடுக்கோணும். எண்டபடியால் பதினைஞ்சில கேட்டது ஒண்டும் முந்தின கேள்வியில்லை.

உடம்பு பற்றி எல்லாரும் தண்டால் கதைதான் கதைப்பினம். உண்மையில சண்டை விமானம் இறுக்கித் திரும்பேக்க ஐந்து மடங்கு ஈர்ப்பு வந்தால் 60 கிலோ ஆள் 300 கிலோ மாதிரி. இரத்தம் தலையிலிருந்து கீழ இறங்கும், முதல்ல நிறம் போகும், பிறகு பார்வையே போகும். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிச்சு, மூச்சைத் துண்டு துண்டாய் எடுத்துத்தான் நினைவோட இருக்கோணும். ஓட்டமும் நீச்சலும் கால் தசைக்கான பயிற்சியும் இப்ப தொடங்கினால் போதும். ஜிம்முக்குக் காசு கட்டத் தேவையில்லை.

எங்கட பிள்ளைகளுக்கு உண்மையான மதில் மொழிதான். வானொலியில பேச்சு ஆங்கிலம், அதுவும் வெட்டி வெட்டிச் சொல்ற தனி ஆங்கிலம். படைக்குள்ள அன்றாடப் பேச்சு சிங்களம். தமிழ் மூலம் படிச்ச பிள்ளைக்கு இரண்டும் மேலதிகச் சுமை. இதைச் சமமான போட்டி எண்டு ஆரும் சொன்னால் நம்பாதே. ஆனா இரண்டு மொழியும் வேற எந்த வேலைக்கும் உதவும், அதனால இந்தச் செலவு வீண்போகாது. வீட்டில பழைய கொம்பியூட்டர் இருந்தால் ஃபிளைட்கியர் எண்டொரு இலவச மென்பொருள் இருக்குது, அதில செஸ்னா ஓட்டிப் பழகலாம். எனக்கு ஐந்து தரமும் விழுந்துதான் முடிஞ்சது.

எடுபட்டால் தியத்தலாவையில படைப் பயிற்சி, சீனன்குடாவில பறக்கிற பயிற்சி. இரத்மலானைக் கொத்தலாவல பல்கலைக்கழகத்தால போற வழியும் இருக்குது. இப்ப பெண் பிள்ளைகளையும் விமானிகளாய் எடுக்கினம். அரசு உன்னைப் படிப்பிக்கும். பதிலுக்கு உன்ர வாழ்க்கையில கன வருசங்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கும்.

யூரியூப்பில கிடைக்கிற "பைலற் ஆவது எப்படி" வீடியோ எல்லாம் இந்த இடத்தோட முடிஞ்சிடும். ஒழுக்கம், உழைப்பு, கனவு, பின்னணி இசை. கையெழுத்துப் போட்டபிறகு எங்க பற, எதை ஏற்று, எங்க போடு எண்டு சொல்றது வேற ஆள் எண்டதைப் பற்றி அதில ஒரு சொல்லும் இருக்காது.

2002 ஜூலையில இஸ்ரேல் காசாவில ஒரு வீட்டுக்கு ஒரு தொன் குண்டு போட்டது. தேடின ஆளோட பொதுமக்களும் குழந்தைகளும் செத்தவை. குண்டு போடேக்க விமானிக்கு என்ன தெரியும் எண்டு கேட்டதுக்கு, அந்த விமானப்படைத் தளபதி டான் ஹலூட்ஸ் சொன்ன பதிலின் சாரம் இது: குண்டு கழரேக்க சிறகில ஒரு சின்ன அதிர்வு, ஒரு செக்கனில அதுவும் போயிடும். எனக்கு இதைவிட உண்மையான பதில் கிடைச்சதில்லை. அம்மாவுக்குப் பங்கருக்குள்ள உலகம் முடிஞ்சமாதிரி இருந்தது மேல இருக்கிறவருக்குச் சின்ன அதிர்வு. அவர் கெட்டவராய் இருக்கத் தேவையில்லை. அந்த உயரத்திலயிருந்து ஆளைத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த வருசம், 2003 செப்ரெம்பரில, அதே படையின் 27 விமானிகள் பாலஸ்தீனக் குடிமனைகள் மேல குண்டு போட மாட்டம் எண்டு கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சினம். பறக்கிறதிலிருந்து நிப்பாட்டினவை. பறக்கிறதுதான் அவையின்ர வாழ்க்கை, அதைத்தான் குடுத்தவை. மருமகனுக்கு நான் காட்ட விரும்புற விமானிகள் இவைதான்.

இது தமிழ்-சிங்களக் கணக்கு மட்டும் எண்டும் நினைக்காதேங்கோ. 1971 ஏப்ரலில ஜேவிபி கிளர்ச்சி நேரம் சீனன்குடாவிலிருந்து எழும்பின ஜெட் ப்ரொவொஸ்ட் விமானங்கள் தாக்கினது சிங்கள இளைஞரைத்தான். அதேமாதிரி எங்கட பக்கத்தையும் சொல்லோணும். புலிகளின்ர சின்ன ஸ்லின் விமானங்கள் 2007இல் கட்டுநாயக்காவுக்குப் போனபோது கை தட்டாத வீடு குறைவு. 2009 பெப்ரவரி 20 இரவு கொழும்புக்குப் போன இரண்டில ஒண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில மோதினது. அங்கயும் கீழ மனிசர்தான் இருந்தவை. அந்த இரவை நாங்கள் எப்பிடிக் கதைக்கிறம் எண்டதையும் அவன் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தவன்.

அவன் போனால் துரோகி எண்டு சொல்ல ஆக்கள் ரெடியா இருப்பினம். "போகட்டும், நாங்களும் உள்ள போனால்தான் மாறும்" எண்டு சொல்றதுக்கும் ஆக்கள் இருக்கினம். முதல் கூட்டம் அவனுக்குப் பறக்க வேற வழி காட்டப்போறதில்லை. இரண்டாவது கூட்டத்திட்ட நான் கேக்கிறது, கட்டளை வாற அண்டைக்கு உள்ள தனிய இருக்கிற அந்த ஒருத்தன் என்ன செய்வான் எண்டுதான். 2021இல் ஐந்து கிபிர்களைத் திருத்திப் புதுப்பிக்க இலங்கை இஸ்ரேல் கம்பனியோட ஒப்பந்தம் போட்டது. ஆகவே இது அம்மாவின்ர காலத்துக் கதை மட்டும் எண்டு தள்ளி வைக்கேலாது.

என்ர நிலைப்பாட்டையும் ஒளிக்கேல்ல. அவன் போகக்கூடாது எண்டுதான் என்ர மனம் சொல்லுது. வானிலை, விமானப் பொறியியல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு எண்டு வானத்துக்குக் கிட்டப் போற வேற வேலைகளையும் சொல்லுவன். ஆனா முடிவு அவன்ர. போறதெண்டால் கணக்கும் ஆங்கிலமும் படிக்கிற மாதிரியே, எந்தக் கட்டளைக்கு ஏலாது எண்டு சொல்லுவன் எண்டதையும் இப்பவே யோசிச்சு வைக்கோணும். 25 வயசில கொக்பிற்றுக்குள்ள இருந்து அதை முதல்தரம் யோசிக்க நேரம் இருக்காது.

இதையெல்லாம் போன கிழமை அவனுக்குப் போனில சொன்னன். நவாலி எங்க இருக்குது எண்டு கேட்டான். மானிப்பாய்க்குப் பக்கத்தில எண்டன். "அப்ப அம்மம்மான்ர ஊருக்குக் கிட்ட" எண்டான். ஓம் எண்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

வாற புதன்கிழமை கண் கிளினிக்குக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போறன். அம்மாவும் வாறாவாம். கண்ணாடி மாத்தோணுமாம்.