உனக்கு என்ன பிடிக்கும்?

2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கொடுத்த தீர்ப்பு ஒன்று இரண்டு நாள் செய்தியாக ஓடி மறைந்துவிட்டது. மனைவி ஆபாசப் படம் பார்க்கிறார், சுய இன்பம் அனுபவிக்கிறார் என்பது உட்படப் பல புகார்களை அடுக்கி விவாகரத்து கேட்டார் ஒருவர். கரூர் குடும்ப நீதிமன்றம் மறுத்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் ஆர்.பூர்ணிமாவும் அதை உறுதி செய்தார்கள். ஆணிடம் இயல்பென்று ஏற்கப்படுவதைப் பெண்ணிடம் மட்டும் களங்கமாக்க முடியாது, கல்யாணமான பிறகும் அவள் அந்தரங்கம் அவளுக்குரியது என்பது தீர்ப்பின் சாரம். நாம் அதை முழு மனதோடு வரவேற்கிறோம்.

ஆனால் தொழிலாளர்கள் வாழும் அத்திப்பட்டில் அந்தரங்கத்துக்கு இடம் எங்கே? அதைச் சுற்றியுள்ள வடசென்னை அனல்மின் நிலையம், வள்ளூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் எல்லாம் இரவு பகலாக ஓடுகிறவை. அங்கே நைட் ஷிப்ட் முடிந்து கணவர் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி கம்பெனி வேனுக்கு நேரமாகிவிட்டதென்று தலை வாரிக்கொண்டிருப்பார். இருவருக்கும் லீவு சேர்ந்து கிடைத்தாலும் ஒற்றை அறை வாடகை வீடு. குறுக்கே கட்டிய பழைய புடவைக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் இருவருக்கும் நடுவில் பிள்ளை. வளையல் சத்தம்கூட வராமல் அவசர அவசரமாக முடிகிற காரியத்தில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

இடமும் நேரமும் பாதிச் சிக்கல்தான். மனதில் ஓடும் ஆசையை, கற்பனையை ஒரு பெண் துணிந்து சொன்னால் பல கணவர்களின் வாயில் முதலில் வருவது, “இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?” அந்த ஒரு கேள்வியில் அவள் நடத்தையே சந்தேகத்துக்கு ஆளாகிவிடுகிறது. அதோடு வாயை மூடிக்கொள்கிறாள். அவனும் தன் ஆசையைச் சொல்லக் கூச்சப்பட்டு, செல்போனோடு முடித்துக்கொள்கிறான். பத்து வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒருவர் உடம்பு இன்னொருவருக்குத் தெரியாமலே போகிறது.

கற்பனை குற்றமல்ல. நினைத்ததையெல்லாம் செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் அதோடு விட வேண்டும். ஷிப்ட் மாற்றம் பற்றிப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் தொழிற்சங்கங்கள், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் வார விடுப்பு வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேட்கட்டும். தொழிலாளர் குடியிருப்புக்குக் கதவுள்ள இன்னோர் அறை கேட்பதும் உரிமைதான்.

தோழர்களே, உங்கள் மனைவியிடம் என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வந்த பதிலை வைத்து, எந்தச் சண்டையிலும் அவரைக் குத்திக்காட்டாதீர்கள்.