சங்கரன் விட்டுச்சென்ற வேலை

எஸ்.ஆர். சங்கரன் என்ற பெயர் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் தெரிந்த அளவுக்குத் தமிழ்நாட்டில் தெரியாது. அவர் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக ஆந்திரப் பிரதேசத்தில் பணியாற்றியவர். 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, அதிகாரிகளே ஊர் ஊராகப் போய்க் கொத்தடிமைகளிடம் அவர்களின் விடுதலையைச் சொல்ல வேண்டும் என்று நின்றார். ஆட்சியில் இருந்தவர்களின் கோபத்துக்கும் அதனால் ஆளானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போனது. 2005-இல் பத்மபூஷண் விருது தேடி வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அவர்மீது உள்ள மதிப்பு இவற்றோடு முடிவதல்ல. ஓய்வுபெற்ற பிறகு, மலத்தைக் கையால் அள்ள வேண்டியிருந்த உலர் கழிப்பறைகளை ஊர் ஊராகத் தேடிப் போன இளைஞர்களோடு சேர்ந்துகொண்ட சங்கரன்தான் என் மனத்தில் நிற்கிறார். அந்த இளைஞர்களின் தலைவர் பெஜவாடா வில்சன். கோலார் தங்கவயலில் பிறந்தவர். அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் மிகப் பலர் வடாற்காடு போன்ற பகுதிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்கள். அந்தக் குடியிருப்புகளின் கழிப்பறை மலத்தை வாளியில் அள்ளிச் சுமந்தவர்கள் வில்சனின் குடும்பத்தைப் போன்றவர்கள். பெற்றோர் செய்தது என்ன வேலை என்பதை அவரிடம் வெகுநாள் மறைத்தே வைத்திருந்தார்கள். உண்மையை நேரில் பார்த்த பிறகு அவர் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார், படம் எடுத்தார், செய்தித்தாள்களுக்குக் கொண்டுபோனார். அந்தக் கழிப்பறைகள் மாறின. பிறகு சங்கரனும் வேறு சிலரும் உடன்நிற்க, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கம் உருவானது. 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

1993-இலேயே கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 'எங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை' என்று பல மாநில அரசுகள் சொல்லிவந்தன. 2003-இல் இந்த இயக்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இல்லை என்று அரசுகள் சொன்ன இடங்களிலிருந்தே படங்களையும் வாக்குமூலங்களையும் திரட்டி நீதிபதிகள் முன் வைத்தார்கள். 2010-இல் சங்கரன் இறந்தார். 2013-இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று, ஈரோடு மாவட்டத்தில் பிறந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு அந்த வழக்கில் தீர்ப்பளித்தது. 1993-க்குப் பிறகு சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023-இல் உச்ச நீதிமன்றமே அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

முதல் சட்டம் வந்தபோது ஆண்டது நரசிம்ம ராவ் அரசு. இரண்டாவது, மன்மோகன் சிங் ஆட்சியில் வந்தது. இயந்திரமயத்துக்கான 'நமஸ்தே' திட்டம் இப்போதைய ஒன்றிய அரசுடையது. இந்த விஷயத்தில் எதிர்க்கொடி பிடித்த கட்சி எதுவும் இல்லை. இருந்தும் சாவு நிற்கவில்லை. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில், 1993-க்குப் பிந்தைய இத்தகைய மரணங்களில் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்திருக்கிறது. சமூகநீதியைப் பேசிப் பேசி வளர்ந்த நிலம் இது. இறந்தவர்களில் மிகப் பலர் அருந்ததியர்கள். இதைப் படிக்கும் நம்மில் யாருக்கும் இது சம்மதமாக இருக்காது என்று நம்புகிறேன். சம்மதமில்லாத ஒன்று எப்படித் தொடர்கிறது என்பதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் எந்த நாற்றமும் தெரியாது. உள்ளே இறங்குபவருக்கு எச்சரிக்கை தரக்கூடிய ஒரே புலன் அங்கேயே செயலிழந்துவிடுகிறது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியிலேயே தங்குகிறது. சில மூச்சுகளில் ஆள் சாய்கிறார். மேலே நிற்கும் தம்பியோ மகனோ பதறி இறங்குகிறார், அவரும் சாய்கிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உடல்கள் எடுக்கப்படுவது இதனால்தான்.

அந்தத் தொட்டி பெரும்பாலும் ஒரு வீட்டுக்கோ, அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ, ஓட்டலுக்கோ சொந்தமானது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டியதை, நிரம்பி வழியும்வரை பத்துப் பதினைந்து ஆண்டு விட்டுவிடுகிறோம். அடியில் சேறு இறுகிவிடுகிறது, குழாய் உறிஞ்சுவதில்லை. 'ஒருத்தர் இறங்கிக் கிளறிவிட்டால் வந்துவிடும்' என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. வீடு கட்டும்போது இடம் மிச்சம் என்று மாடிப்படிக்கு அடியிலும் சமையலறைக்கு அடியிலும் தொட்டியைப் போட்டு, குழாய் நுழைய வழியில்லாமல் மூடுகிறோம். நாப்கினும் துணியும் பிளாஸ்டிக்கும் கழிப்பறைக்குள் போகின்றன. இயந்திரத்தை அடைத்துக்கொள்ளும் அவற்றை எடுக்க ஒரு மனிதக் கை தேடப்படுகிறது. ஆகவே இயந்திரம் வாங்கவில்லை என்று மாநகராட்சியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. இயந்திரம் வந்தாலும் அது வேலை செய்யக்கூடிய தொட்டி நம்மிடம் இருக்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. உரிய பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்குவது, அதைச் செய்வது உள்ளாட்சியானாலும் ஒப்பந்தக்காரரானாலும் வீட்டுக்காரரானாலும், குற்றம். முதல்முறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். 'நான் ஆளை இறங்கச் சொல்லவில்லை, காண்டிராக்டரிடம்தான் சொன்னேன்' என்று ஒதுங்குவது சட்டத்துக்கும் பொருந்தாது, மனசாட்சிக்கும் பொருந்தாது.

குடியிருப்போர் சங்கங்கள் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் பராமரிப்புத் தேதி குறித்து வைத்திருக்கின்றன. தொட்டிக்கும் குறித்து வைக்கலாம். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம்: எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது, லாரியை மட்டுமே அழைப்பது, அதற்காக 14420 என்ற உதவி எண்ணைப் பலகையில் எழுதிவைப்பது. பொறியாளர்களும் கொத்தனார்களும் வரைபடத்திலேயே குழாய் செல்லும் வழியைக் கேட்டுப் பெற வேண்டும். பள்ளி நிர்வாகங்கள், கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், கல்யாண மண்டபங்கள் என எல்லா இடங்களிலும் தொட்டி இருக்கிறது; அங்கேயும் இதையே செய்யலாம்.

இன்னொன்றையும் எதிர்பார்க்கிறேன், இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஒரு தெருவில் இப்படி ஒரு சாவு நேர்ந்தால், யார் அழைத்தார், யார் இறங்கச் சொன்னார், கயிறும் முகமூடியும் இருந்தனவா என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். இறந்தவரின் மனைவி அந்தத் தெருவுக்கு அந்நியர். நமக்கோ வீட்டுக்காரர் பல வருடப் பழக்கம். வில்சனும் சங்கரனும் ஆண்டுக்கணக்கில் அலைந்து திரட்டியது இத்தகைய சாட்சியத்தைத்தான். அந்தப் பெண்ணோடு காவல் நிலையம்வரை போய், பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்திட அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேராவது முன்வர வேண்டும்.