பூனை மேல் ஏன் இந்தப் பாய்ச்சல்?

சென்னை யானைக்கவுனியில் கையெழுத்து கேட்டுச் சுற்றிவரும் துண்டறிக்கை ஒன்று என் கைக்கும் வந்தது. சிறுவர் நூலகத்தில் இருக்கும் சூனியக்காரி, பூனைப் படப்புத்தகங்களை உடனே அகற்ற வேண்டுமாம். அவை மூடநம்பிக்கையை வளர்க்கின்றனவாம், பிள்ளைகளைப் பயமுறுத்துகின்றனவாம், நம் மண்ணுக்கு ஒட்டாதவையாம். எழுதியவர் பகுத்தறிவாளர். அவர் மேடைப் பேச்சுக்குக் கைதட்டியவன் என்பதால் எனக்கு எரிச்சல் இரட்டிப்பு.

ஐயா, அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது பிரித்துப் பார்த்தீர்களா? 'கருப்புப் பூனை அபசகுனம் என்று பிஞ்சு மனத்தில் பதிக்கிறார்கள்' என்று வின்னியைச் சாடியிருக்கிறீர்கள். வேலரி தாமஸ் எழுதி, கார்க்கி பால் படம் வரைந்து 1987இல் வந்த 'வின்னி த விட்ச்' அது. அதில் பூனை வில்பருக்கு இருக்கும் ஒரே சிக்கல், வீடும் கருப்பு என்பதுதான். தரைவிரிப்பு, நாற்காலி, கட்டில் எல்லாம் கருப்பு. பூனை கண்ணை மூடித் தூங்கினால் இருக்கிற இடம் தெரியாமல் வின்னி தடுக்கி விழுகிறாள். மந்திரம் போட்டுப் பச்சையாக்கிப் பார்க்கிறாள். புல்வெளியில் அதுவும் தெரியவில்லை. பிறகு தலைக்கு ஒரு நிறம், உடம்புக்கு ஒரு நிறம், வாலுக்கு ஒரு நிறம். பறவைகள் சிரிக்கின்றன. வில்பர் அவமானத்தில் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அப்போதுதான் வின்னிக்கு உறைக்கிறது. பூனையைப் பழையபடி கருப்பாக்கிவிட்டு, வீட்டின் நிறத்தை மாற்றுகிறாள். இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது அபசகுனம்? கருப்பாக இருப்பது பூனையின் குற்றமல்ல என்று சொல்லும் கதை, கருப்புச் சட்டை போட்ட உங்களுக்கே புரியவில்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்ல?

மூடநம்பிக்கை எங்கே விளைகிறது என்று தெரிய நூலகத்துக்கு வர வேண்டாம், வால்டாக்ஸ் சாலையில் நின்றால் போதும். பூனை குறுக்கே ஓடியதும் பைக்கை ஓரங்கட்டி, வேறு எவனாவது முதலில் தாண்டட்டும் என்று காத்திருக்கும் மீசைக்காரர்களைப் பார்க்கலாம். அவர்கள் எவரும் வின்னியைப் படித்துக் கெட்டவர்கள் அல்லர். அதே சாலையில் பார்சல் கிடங்குகளில் எலிக்குப் பயந்து பூனை வளர்க்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர் மதியச் சோற்றில் மீன்தலையை ஒதுக்கி அதற்கு வைப்பார். கருப்பா வெள்ளையா என்று அவர் பார்ப்பதில்லை.

பயம் என்கிறீர்கள். 1972இல் தொடங்கிய 'மெக் அண்ட் மாக்' வரிசைக்குப் படம் போட்டவர் யான் பியென்கோவ்ஸ்கி, 1936இல் வார்சாவில் பிறந்தவர். போர்க்காலத்துப் பிள்ளை. சின்ன வயதில் கேட்ட சூனியக்காரிக் கதைகளில் நடுங்கிப்போனவர். அவர் வரைந்த மெக் எப்படி இருக்கிறாள்? தலை பறட்டை, மந்திரம் போட்டால் முக்கால்வாசி சொதப்பல். பூனை மாக் பக்கத்தில் நின்று முழிக்கும். பயந்த குழந்தை வளர்ந்து, பயமுறுத்தியவளைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டது. ஒளித்து வைத்தால் பயம் போகும் என்பது உங்கள் வைத்தியம். வரைந்து பார்த்தால் போகும் என்பது அவருடையது. எது பகுத்தறிவு?

நம் மண்ணுக்கு ஒட்டாதாம்! பேய்களைக் கூழ் காய்ச்ச வைத்து, குருட்டுப் பேய், ஊமைப் பேய், கர்ப்பிணிப் பேய் என்று பந்தி பரிமாறியவர் செயங்கொண்டார். காரைக்கால் அம்மையார் பேயுருவைக் கேட்டே வாங்கிக்கொண்டவர். 1947இல் இதே சென்னையிலிருந்து கிளம்பிய அம்புலிமாமாவில், ஓவியர் சங்கர் வரைந்த வேதாளம் விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கியதைப் பார்த்துத்தான் உங்கள் தலைமுறையே எழுத்துக் கூட்டியது. அப்போது கெடாத பிள்ளை இப்போது பூனையால் கெட்டுவிடுமா?

அறிக்கையில் மதிக்கத்தக்க வரி ஒன்றே ஒன்றுதான்: சூனியக்காரி என்று சொல்லி இந்த நாட்டில் பெண்களைக் கொல்கிறார்களே, அதில் விளையாட்டு எதற்கு என்பது. உண்மை. அதற்காகவே ஜார்க்கண்ட் 2001இல் சட்டம் போட்டது, அசாம் 2015இல் மசோதா நிறைவேற்றியது. சூனியக்காரி என்று அடித்துத் துரத்தப்பட்டு, பின்பு அப்படித் துரத்தப்பட்டவர்களுக்காகவே போராடிய சுட்னி மஹதோவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1566இல் செம்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் மீதான வழக்கில், அவர் வளர்த்ததாகச் சொல்லப்பட்ட பூனையும் சாட்சியத்தில் வந்தது. ஒரு கிழவி, கூட ஒரு பூனை, அக்கம்பக்கத்தில் ஒரு சாவு; தூக்குக் கயிற்றுக்கு அவ்வளவு போதும். அந்தக் கிழவியையும் பூனையையும் தூக்குமேடையிலிருந்து இறக்கி, குழந்தைகள் நடுவில் உட்கார வைத்தவை இந்தப் படப்புத்தகங்கள். ஜூலியா டொனால்ட்சனின் 'ரூம் ஆன் த புரூம்' (2001) கதையில் சூனியக்காரி வழியில் கண்ட நாய், பறவை, தவளை எல்லாவற்றுக்கும் துடைப்பத்தில் இடம் கொடுக்கிறாள். டிராகன் அவளைத் தின்ன வரும்போது அவை சேற்றில் புரண்டு, பூதம்போல் ஒன்றாக நின்று காப்பாற்றுகின்றன. இதைப் படித்த பிள்ளை நாளைக்குத் தெருமுனைக் கிழவி மேல் கல் எறியுமா, எறிகிறவன் கையைப் பிடிக்குமா? ஊர் கூடி அவளை விரட்டு என்று கையெழுத்து வாங்குவது யார் வழக்கம் என்பதையும் யோசியுங்கள்.

கையெழுத்துப் போட இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேனாவைத் திறக்குமுன் வின்னியை ஒருமுறை புரட்டிவிடுங்கள். முப்பது சொச்சம் பக்கம்தான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அறிக்கை எழுதியவரும் கூட வந்து படிக்கலாம்.