எந்தக் கீழாநெல்லி?

“வீட்டைச் சுற்றி முளைப்பதெல்லாம் மருந்து. பெயர் தெரிந்தால் போதும், பறித்துச் சாப்பிடுங்கள். பலன் கிடைக்காவிட்டாலும் கெடுதல் வராது” என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் நாள்தோறும் சொல்கிறார்கள். மூலிகை மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதனால்தான் இதை மறுக்கிறேன்.

முதலில் பெயர். இலைக்கடியில் வரிசையாகக் காய் இருந்தால் கீழாநெல்லி என்று சொல்லித் தருகிறார்கள். அப்படிக் காய்க்கும் செடிகள் பல. தண்டு சிவந்து, காம்பே இல்லாததுபோலக் காய் ஒட்டிக்கொண்டு, தோல் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு செடி. நாம் தேடுவதற்குக் காய் வழவழப்பு, சிறு காம்பும் உண்டு. குனிந்து ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் கதை இன்னும் மோசம். பூங்காக்களில் அழகுக்குப் படரவிட்ட மஞ்சள் பூக்கொடியை அந்தப் பெயரில் பறித்துப் போகிறார்கள். அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இலை மூன்றாகப் பிளவுபட்டிருக்கும். உண்மையான கீரைக்கு இலை நீண்டு குறுகி, பிளவில்லாமல் இருக்கும்.

செல்போன் செயலி காட்டிக்கொடுக்குமே என்பார்கள். சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு என்ற சர்ச்சை எழுந்தபோது, அதைப் போலவே இருக்கும் இன்னொரு கொடி தீங்கு செய்யலாம் என்று 2022இல் ஆயுஷ் அமைச்சகம் எச்சரித்தது. அதன் தண்டில் முண்டுமுண்டாகப் புடைப்பு இருக்கும், வெட்டினால் பால் கசியும். இரண்டுக்கும் இலை இதய வடிவம்தான். இலையை மட்டும் படமெடுத்தால் செயலி என்ன செய்யும்?

கெடுதல் வராது என்பதுதான் ஆபத்தான பேச்சு. பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில், பெயர் ஒத்த வேறொன்று கலந்துவிட்டது. இளம்பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; 1993இல் மருத்துவர்கள் அதை வெளியிட்டார்கள். கலந்தது நம் ஆடுதின்னாப்பாளையின் இனம்.

தானாக முளைத்தது, ஆகவே ஆர்கானிக் என்பதும் சரியல்ல. கரிசலாங்கண்ணி சாக்கடை ஓரத்திலும் செழிக்கும். தண்டவாள ஓரத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்கள்.

பாட்டிமார் யாரைக் கேட்டார்கள் என்று கேட்கலாம். அவர்கள் ஒரே செடியை முளையிலிருந்து காய்வரை, வருடம் தவறாமல், அதே வரப்பில் பார்த்தவர்கள். நமக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. பூ, காய், வேரோடு முழுச் செடியைப் பிடுங்கி, தேர்ந்த சித்த மருத்துவரிடமோ கல்லூரித் தாவரவியல் துறையிலோ காட்டுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் இருக்கிறது.