மரணக் கணக்கு வெளிவரட்டும்

கொரோனா பெருந்தொற்றை அரசு கையாண்ட விதம் குறித்து மக்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், முதலில் உண்மையான மரணக் கணக்கு அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். நாட்டில் 2020இல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள், 2021இல் சுமார் 1.02 கோடியாக உயர்ந்ததை 2025 மே மாதம் வெளியான குடிமைப் பதிவு அறிக்கை காட்டுகிறது. 2021இல் கொரோனா மரணங்கள் என அரசு ஏற்றவையோ 4 லட்சத்தைக்கூட எட்டவில்லை. பதிவு மேம்பட்டதே காரணம் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், ஒரே ஆண்டில் சுமார் 21 லட்சம் உயர்ந்ததை அது மட்டும் விளக்கிவிடாது. தன் மக்களவை உறுப்பினர் வசந்தகுமாரையே 2020 ஆகஸ்டில் கொரோனாவுக்குப் பறிகொடுத்த மாவட்டம் கன்னியாகுமரி. இம்மாவட்டத்தின் தோவாளை முதல் விளவங்கோடு வரை, ஊராட்சிவாரியான 2019-2021 இறப்புப் பதிவுகளை அரசு உடனே வெளியிட வேண்டும். பரிசோதனைக்கு முன்பே உறவுகள் உயிரிழந்ததால், கொரோனா மரணங்களுக்கான ரூ.50,000 நிவாரணம் கிட்டாத குடும்பங்களின் மனுக்களை மீண்டும் பரிசீலிக்க வேண்டும்.