முரசும் மட்டையும்

தோழனே! மரபு, மரபு என்று முழங்குவோரிடம் ஒன்று கேள்: எவர் படைத்த மரபு?

அமெரிக்காவின் தென்புறத்திலே நியூ ஆர்லியன்ஸ்; கத்தோலிக்கம் வேரோடிய நகர். ஆண்டவன்முன் அனைவரும் ஒன்றென ஓதிய அவ்வூரிலே, பள்ளி வாயிலில் மட்டும் நிறம் காவல் நின்றது! அந்நாளில், 1951இல், கறுப்பின மாணவர்க்கென ஜோசபைட் குருமார் பொறுப்பில் எழுந்தது புனித அகஸ்டின் உயர்நிலைப்பள்ளி. 1962இலேதான் பேராயர் ரம்மல் கத்தோலிக்கப் பள்ளிகளில் நிறப்பிரிவினை ஒழிக என ஆணையிட்டார். எதிர்த்துக் கிளர்ந்த மூவரைத் திருச்சபையினின்றே விலக்கினார். வேதத்தில் இருந்தது வகுப்பறைக்கு வர எத்துணைக் காலம்!

அப்பள்ளியின் பெருமை அதன் இசை அணி. எட்வின் ஹாம்ப்டன் பயிற்றிய அவ்வணி, 1967இல் 'ரெக்ஸ்' திருவிழா ஊர்வலத்திலே நடந்தது. அதுகாறும் கறுப்பினப் பள்ளியின் அணி எதுவும் அதில் நடந்ததில்லை. வசை வந்தது, தாளம் தவறவில்லை.

அதே பள்ளியிலே, மாணவரை மர மட்டையால் அடிப்பதும் மரபென்றே காக்கப்பட்டது! 2011இல் பேராயர் ஏமண்ட் அது கூடாதென்றார். பெற்றோரும் பழைய மாணவரும், "எம்மை ஆளாக்கிய முறையில் பிறர் தலையிடுவதோ?" என்று வீதியில் அணிவகுத்தனர். அவர்தம் அச்சம் விளங்காமலில்லை. கட்டுத் தளர்ந்த கறுப்பின இளைஞனுக்கு அந்நாட்டுத் தெரு காட்டும் இரக்கம் சிறிது. கட்டளை மேலிருந்து வந்ததும் அவர்களைச் சுட்டிருக்கும்; அவ்வூர்ப் பேராயர்கள் அவர்தம் பாட்டனாரைக் காக்க வைத்தவர்களாயிற்றே.

ஆயினும் கேட்கிறேன்: அடிமைச் சந்தை கூடிய மண்ணிலே, முரசைத் தமதாக்கிக் கொண்டவர்கள் மட்டையையும் தமதென்று தழுவலாமா?