640 ரூபாய்க்கு ஒரு பூட்டு

என் கணக்கில் காசு இருக்கிறது. பாஸ்புக்கில் அச்சடித்தே கொடுக்கிறார்கள்: நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். ராமேஸ்வரம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சங்கும் சிப்பியும் பாசிமணியும் விற்று நான் சேர்த்தது. அதிலிருந்து ஒற்றை ரூபாயை எடுக்க எனக்கு உரிமை இல்லையாம். ஏன் இல்லை என்று கேட்டால், பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லையாம்.

ஒரு கடிதம் வரவில்லை, ஒரு போன் வரவில்லை. பால்காரருக்கு அனுப்பிய பணம் போகவில்லை, ஏடிஎம் காசு தரவில்லை, பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் பெண் என் கடையில் வளையல் வாங்குகிறவள். எப்போதும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க அக்கவுண்ட் டெபிட் ஃப்ரீஸ்ல இருக்கு மேடம்" என்றாள். அக்காவாக உள்ளே போனவள் ஒரு நிமிஷத்தில் மேடமாகிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இது சின்ன ஊர். சாயங்காலத்துக்குள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேனேஜரிடம் போனேன். "மேல இருந்து வந்திருக்கும்மா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது."

"மேலன்னா யாரு சார்?"

"சைபர் கிரைம்."

"எந்த ஊரு சைபர் கிரைம்?"

"அதை ஹெட் ஆபீஸ்லதான் கேக்கணும்."

ஹெட் ஆபீஸில் கேட்டால் கிளையில் கேள் என்றார்கள். கிளையில் எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தால் சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள். திரும்பத் திரும்பப் போய் நின்ற பிறகு, துண்டுச் சீட்டு ஒன்றில் நீளமான புகார் எண், வடக்கே ஒரு மாநிலத்தின் பெயர், ஒரு தொகை, மூன்றையும் கிறுக்கிக் கொடுத்தார்கள். தொகை 640 ரூபாய்.

நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 640தான்.

அதன் பிறகுதான் மேனேஜர் கொஞ்சம் இறங்கி வந்தார். பணம் கட்டும் சலானைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் வட்டம் வட்டமாக வரைந்து காட்டினார். எங்கோ ஒருவரை மோசடிக்காரன் ஏமாற்றுகிறான். அவர் 1930க்குப் போன் போட்டுப் புகார் சொல்கிறார். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. அவர் பணம் முதலில் எந்தக் கணக்குக்குப் போனதோ அது முதல் லேயர். அங்கிருந்து பிரிந்து போனவை இரண்டாம் லேயர். அப்படியே மூன்று, நான்கு என்று கிளை விட்டுக்கொண்டே போகும். பணம் தொட்ட கணக்குகளையெல்லாம் முடக்கச் சொல்லி பேங்குகளுக்குத் தகவல் வரும். "நீங்க இதோ, இந்த ஓரத்துல இருக்கீங்கம்மா" என்று கடைசி வட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

யாரோ யாரையோ ஏமாற்றியிருக்கிறான். அந்தக் காசு நாலு கை மாறி, யாத்திரைக்கு வந்த ஒருவர் போனுக்குள் நுழைந்து, அவர் என் கடையில் பொருள் வாங்கி, என் கடையில் வரவைச் சொல்லும் பெட்டி 'அறுநூற்று நாற்பது ரூபாய் வந்தது' என்று சத்தம் போட்டிருக்கிறது. பாஸ்புக்கில் தேடிப் பார்த்தேன். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் வரவு. அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு தெரு முழுக்க ஜனம் நிற்கிற நாள். அன்றைக்கு வந்தவர்களில் 640க்கு வாங்கியது யார்? இரண்டு ஜோடி சங்கு வளையலா, பேர் எழுதின சங்கா, பேரம் பேசிக் குறைத்த ஸ்படிக மாலையா? எனக்கு எப்படித் தெரியும்? வருகிறவரிடம் 'இந்தக் காசு உங்களுக்கு எப்படி வந்தது' என்று கேட்டுவிட்டா வளையலைக் கையில் மாட்டிவிடுவேன்?

அதே ஆள் ஐந்நூறு ரூபாய்த் தாளும் சில்லறையுமாகக் கொடுத்திருந்தால் என் கல்லாப்பெட்டிக்கு யாராவது பூட்டுப் போட வந்திருப்பார்களா? அந்தத் தாள் எத்தனை திருடன் கைக்குப் போய் வந்திருந்தாலும், பொருளைக் கொடுத்து வாங்கியவளை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ரொக்கத்தை விடு, க்யூஆர் கோடு போட்ட அட்டையைக் கடையில் ஒட்டு, நாடு முன்னேறுகிறது என்று சொன்னது யார்? ஒட்டினோம். இன்றைக்கு ஒட்டினவளுக்குத்தான் பூட்டு.

ஏமாந்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2024இல் மட்டும் இந்த நாட்டு மக்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அதில் எத்தனை பேருடைய ஓய்வூதியம், எத்தனை வீட்டுக் கல்யாணச் செலவு போயிற்றோ. பணம் பறக்கிற வேகத்துக்குப் பிடிக்க வேண்டும்தான். பிடிப்பதற்கு முன்னால் எனக்குச் சொல்லாததையும் ஒத்துக்கொள்கிறேன். சொன்னால் திருடன் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான் என்கிறார்கள், சரி. பூட்டிய பிறகு? ஒரு பைசா எடுக்க முடியாதபடி இறுக்கிய பிறகு, எதை எடுத்துக்கொண்டு எவன் ஓடப்போகிறான்? அதற்கப்புறமும் காரணத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வது யாரைக் காப்பாற்ற?

அப்புறம் இந்த அளவுக் கணக்கு. சந்தேகம் 640 ரூபாயில். பூட்டு நாற்பத்தோராயிரத்துக்கு. தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விட பேங்குக்குத் தெரியாதா? தெரியும். லீன் என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் 'முழுசா நிறுத்து' என்று வந்தால் முழுசாக நிறுத்திவிடுவது அவர்களுக்குப் பத்திரம். நாளைக்கு எதிலாவது கேள்வி வந்தால் அவர்கள் தலை உருளாது. என் தலைதானே, உருளட்டும்.

இதில் பெரிய கொடுமை, காசு உள்ளே வருவது நிற்கவில்லை என்பது. வெளியே போகத்தான் தடை. விஷயம் தெரிவதற்கு முன்னால் வழக்கம்போல் கடை திறந்தேன். பெட்டி நூறு வந்தது, இருநூறு வந்தது என்று நாளெல்லாம் கூவியது. ஒவ்வொரு கூவலும் என் சரக்கு கையை விட்டுப் போன கணக்கு. விஷயம் தெரிந்ததும் நகத்தால் சுரண்டி அந்த அட்டையைக் கிழித்தேன். 'ஒன்லி கேஷ்' என்று எழுதி மாட்டினேன். வடக்கத்தி ஜனம் இப்போது கையில் ரொக்கம் வைத்துக்கொள்வதே இல்லை. மாலையைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடி பார்த்துவிட்டு, போனை நீட்டி, நான் தலையாட்டியதும் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். பாம்பனில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை இரண்டு வருஷத்துக்கு மேல் கூட்டம் குறைந்து கிடந்த தெரு இது. வண்டி ஊருக்குள் வந்து வியாபாரம் தலையெடுக்கும்போது எனக்கு இப்படி.

மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் இந்தக் கணக்கில்தான் விழுகிறது. மாநில அரசு மாசாமாசம் போடுகிறது, இன்னொரு மாநிலத்துப் போலீஸ் அதைக் காவல் காக்கிறது. சுயஉதவிக் குழுக் கடனுக்குத் தவணை இந்தக் கணக்கில்தான் பிடிக்க வேண்டும். பிடிக்க வந்த தவணை திரும்பிவிட்டது. திரும்பியதற்கு அபராதம் போட்டார்கள். பூட்டினவர்களே, நீ ஏன் கட்டவில்லை என்று அபராதமும் போடுகிறார்கள்! குழுவில் என்னோடு இருப்பவர்கள் கூலிக்குப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள். ஒருத்தி தவணை நின்றால் குழுவின் பெயரே கெடும். அடுத்த கடன் அத்தனை பேருக்கும் இழுபறி.

சரக்கு போடும் கீழக்கரைக் காக்காவுக்கு நான் கொடுத்திருந்த செக் திரும்பியது. "என்னம்மா தங்கச்சி, செக்கு வந்துருச்சே" என்று மெதுவாகத்தான் கேட்டார். இத்தனை வருஷக் கொடுக்கல் வாங்கலில் ஒரு தடவை அவரிடம் தலை குனிந்ததில்லை. "போலீஸ்ல கணக்கை நிறுத்திட்டாங்க காக்கா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நல்ல மனுஷர், திட்டவில்லை. ஆனால் அடுத்த சரக்கு ரொக்கத்துக்குத்தான் வந்தது.

ராமநாதபுரம் சைபர் கிரைம் போலீஸில் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "இது எங்க கேஸ் இல்லம்மா. அந்த ஸ்டேட்லதான் ஆட்சேபணை இல்லைன்னு என்ஓசி வாங்கணும்." அந்த ஸ்டேட்டுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. ஒரு நாள் எடுத்தார் ஒருவர். எனக்கு ஹிந்தி கடைத்தெருவில் வந்தது. ஸௌ, டேட் ஸௌ, அஸ்லி சங்கு, நக்லி நஹீ, இவ்வளவுதான். அவர் சொன்னதில் 'ஆனா படேகா' மட்டும் விளங்கியது. வரணுமாம். ரயிலில் இரண்டு ராத்திரி போய், தெரியாத ஊரில் தங்கி, 640 ரூபாய்க்கு நான் திருடி இல்லை என்று சொல்லிவிட்டு வர வேண்டுமாம். பக்கத்துக் கடைத் தம்பியைப் பேச வைத்தேன். ஆதார் அனுப்பு, பான் அனுப்பு, அந்த விற்பனைக்குப் பில் அனுப்பு என்றார்களாம். சங்கு வளையலுக்குப் பில்! ஜிஎஸ்டி நம்பர் என்ன என்று வேறு கேள்வி.

ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்றார் ஒருவர். காசு செலவில்லாத திட்டம், நல்லதுதான். ஆனால் சட்டப்படியான அமைப்போ காவல் துறையோ உத்தரவு போட்டு அதன்படி பேங்க் செய்த காரியத்தில் எழும் தகராறை அங்கே எடுக்க மாட்டார்களாம். திட்டத்திலேயே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, பேங்கைக் கேட்டால் போலீஸ், போலீஸைக் கேட்டால் வேறு மாநிலம், முறையிடப் போனால் இது எங்கள் வரம்பில் இல்லை.

வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. சட்டத்தில் எல்லாம் இருக்கிறதாம். 2024 ஜூலை முதல் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 106ஆம் பிரிவு, முன்னே 102 என்று இருந்தது. போலீஸ் ஒரு சொத்தைக் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே வருஷம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது பிழைக்கும் உரிமையைப் பறிப்பது என்று சொல்லிவிட்டதாம். அதற்கு முன்பே கேரள உயர் நீதிமன்றம், சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்து என்றதாம். டெல்லியில் சோளே பட்டூரே விற்கிற ஒருவர் கணக்கை 105 ரூபாய்க்காக முடக்கி, அவரும் உயர் நீதிமன்றம் ஏறித்தான் திறந்தாராம். 105 ரூபாய்! அதைக் கேட்டதும் என் 640 பெரிய தொகையாகத் தெரிந்தது.

"அப்ப எனக்கும் திறந்துருவாங்களா சார்?"

"மதுரை பெஞ்சுல ரிட் போடணும்மா."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னார். பூட்டிக் கிடக்கும் பணத்தில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். அதைக் கொடுக்கவும் அந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். தீர்ப்பு எல்லாருக்கும் பொது என்கிறார்கள். அப்படியானால் 105 ரூபாய்க்காரர் ஜெயித்த பிறகு 640 ரூபாய்க்காரி ஏன் முதலிலிருந்து படியேற வேண்டும்? தீர்ப்பைப் படிப்பது பேங்கின் வேலையா, என் வேலையா?

'வேறு பேங்கில் புதுக் கணக்கு திற அக்கா' என்கிறது பக்கத்துக் கடை. திறக்கலாம். மறுபடி அட்டை ஒட்டலாம். அடுத்த அமாவாசைக்கு எவன் காசு எந்த லேயரிலிருந்து வந்து விழும் என்று எவருக்குத் தெரியும்?

எனக்கு வருகிற ஹிந்தியில் விலை சொல்லத்தான் முடியும், வழக்குச் சொல்ல முடியாது. அதனால் தமிழிலேயே கேட்கிறேன், யார் காதில் விழ வேண்டுமோ விழட்டும். நான் திருடி என்றால் எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரிடம் திருடினேன் என்று ஒரு தாளில் எழுதி என் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால் அந்த 640ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஏமாந்தவருக்கே போகட்டும், நான் கேட்க மாட்டேன். மீதியைத் திறந்துவிடுங்கள். திங்கட்கிழமை குழுத் தவணை இருக்கிறது.